மடமையா, மமதையா? கோட்டாபய பற்றிய ஒரு விவாதம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 நவம்பர் 14ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, அவருடைய சகோதரர்கள் மகிந்த, பசில், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர், நிதியமைச்சின் உயரதிகாரிகள் ஆகியோர் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்பது அதன் சாரம். ஐந்து நீதியரசர்களில் நால்வருக்கு ஒரே முடிவு. சிறையும் இல்லை, நட்டஈடும் இல்லை. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவு மட்டும் கிடைத்தது.

வவுனியாவில் மாதம் ஒரு முறை கூடும் ஒரு வாசகர் வட்டம் இதையே அடுத்து எடுப்பது என்று தீர்மானித்தது. நான் அதன் ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவர். வழமையாக வருகிறவர்கள்: கமநல சேவையில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அலுவலர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஓர் இளம் ஆசிரியை, உயர்தர மாணவர்கள் சிலர், பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் வியாபாரி, 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள். இவர்களோடு, ஏ9 வீதியோரம் 2017 முதல் நடக்கும் காணாமல் ஆக்கப்பட்டோர் போராட்டத்தில் இருக்கும் ஓர் அம்மாவும் எப்போதாவது வந்து பின்வரிசையில் அமர்வார். யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மாணவர்கள் கேட்டது பட்டிமன்றம். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்தார்கள்: ‘நாடு கவிழ்ந்தது மடமையாலா, மமதையாலா?’ எல்லோரும் சிரித்தார்கள், சரி என்று ஏற்றுக்கொண்டார்கள். 2022 நெருக்கடியில் பெற்றோல் வரிசையில் இரவு படுத்து எழும்பிய சனத்துக்கு அந்தச் சிரிப்பு தேவையாகவும் இருந்தது.

முதல் அமர்வில் நடந்தது

மமதை அணியில் முதலில் பேசியவர் வங்கிக்காரர். மடையன் என்று சொல்லித் தப்ப முடியாது என்று தொடங்கி ஆதாரங்களை அடுக்கினார். இருபது வருட இராணுவ சேவை. 1990களில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பத்தில் பட்டப்பின் டிப்ளோமா. பிறகு அமெரிக்காவில் ஒரு சட்டக் கல்லூரியின் கணினிப் பிரிவில் வேலை. 2005 முதல் 2015 தொடக்கம் வரை பாதுகாப்புச் செயலாளர். அந்தக் காலத்தில் நகர அபிவிருத்தி அதிகார சபையும் அவர் கைக்கு வந்து, கொழும்பின் நடைபாதைகளும் பூங்காக்களும் அழகாகின. ‘வியத்மக’ என்று கல்விமான்களும் தொழில் வல்லுநர்களும் சேர்ந்த ஓர் அமைப்பே அவருக்குப் பின்னால் நின்றது. 2019 நவம்பரில் 52.25 வீத வாக்கில் அவர் வென்றது அரசியல்வாதியாக அல்ல, காரியம் தெரிந்த நிர்வாகியாக.

மடமை அணிக்கு அவ்வளவு ஆதாரம் தேவைப்படவில்லை. ஒரு மாணவன் எழும்பி, “சேர், ஒரு நாட்டுக்கே ஒரே இரவில பசளையை நிப்பாட்டினவரை வேற என்னெண்டு சொல்றது?” என்று கேட்டான். கைதட்டல். அதன் பிறகு நகைச்சுவைதான். 2022 யூலையில் சனம் எழும்பியபோது அவர் மாலைதீவுக்குப் பறந்த கதை, மின்னஞ்சலில் இராஜினாமா அனுப்பிய கதை, மாளிகை நீச்சல் தடாகத்தில் சனம் குளித்த கதை. எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. யாரும் புதிதாக ஒன்றையும் அறிந்துகொண்டதாகத் தெரியவில்லை.

வங்கிக்காரர் பதில் சொல்லும்போது, “யுத்தத்தை முடிச்ச மூளை அது, குறைச்சு மதிக்காதேங்கோ” என்றார். எதிரணியை மடக்கத்தான் சொன்னார். மண்டபம் ஒரு கணம் அப்படியே நின்றது. பின்வரிசையில் இருந்த அம்மா கையை உயர்த்தவில்லை, எழும்பவும் இல்லை. இருந்த இடத்தில் இருந்தே கேட்டார்:

“தம்பி, அந்த ஆளை மடையன் எண்டு நீங்கள் தீர்த்தா, எங்கட பிள்ளையளைப் பற்றி நாங்கள் ஆரைக் கேக்கிறது? மடையனுக்குத் தெரியாதுதானே.”

நடுவராக இருந்த ஆசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை. தேநீர் கொடுத்துக் கூட்டத்தை முடித்தோம்.

கவனித்தவை

அந்த அம்மா சொன்னது உணர்ச்சியில் வந்த வார்த்தையாகப் பட்டாலும், விவாதத்தின் கோளாறு அதற்குள்ளேயே இருந்தது. ஒருவரை முட்டாள் என்பது திட்டுவது போல ஒலிக்கிறது. உண்மையில் அது விடுதலை. தெரியாமல் செய்தார் என்று ஆகிவிட்டால் பொறுப்பு பாதியாகிறது. அதோடு, சுற்றி இருந்தவர்கள் முழுதாகத் தப்பிவிடுகிறார்கள். தீர்ப்பில் பெயர் வந்தவர்கள் பலர். எங்கள் மேடையில் இருந்தவர் ஒருவர்தான்.

மறுபக்கமும் அவ்வளவு நேராக இல்லை. கெட்டிக்காரர் என்று நிறுவுவதற்கு அவருடைய யுத்தகாலப் பதவியைச் சான்றாகக் காட்ட வேண்டி வந்தது. வவுனியாவில் அதைப் பாராட்டாகக் கேட்கக் கூடியவர்கள் குறைவு. 2019இல் வன்னி மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட வாக்கு அவருக்கு எதிராக விழுந்தது. இங்குள்ளவர்களுக்கு அவர் 2022இல் அறிமுகமானவர் இல்லை. பதவிக்கு வந்த சில வாரத்தில், 2020 ஜனவரியில், காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னவர். அதே வருடம் மார்ச்சில், மிருசுவிலில் எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்த இராணுவத்தினர் ஒருவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தவர்.

எடுத்த முடிவும் காரணமும்

பட்டிமன்றத்தைத் தொடர வேண்டாம் என்று ஒருங்கிணைப்பாளர்கள் முடிவெடுத்தோம். ஆளின் மூளையை விட்டுவிட்டு அவருடைய முடிவுகளை எடுப்பது. ஒவ்வொரு முடிவுக்கும் திகதி போட்டு, அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது, யார் எச்சரித்தார்கள், யாருக்கு இலாபம், தடுக்கக் கூடியவர்கள் யார், ஏன் தடுக்கவில்லை என்று பார்ப்பது. பின்னாளில் தெரியவந்ததை வைத்து முன்னாளைத் தீர்ப்பிடக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி.

ஆசிரியைக்கு இது பிடிக்கவில்லை. “இப்படிச் செய்தா எல்லாம் ஒரு கோவையாகிடும். கோபம் போயிடும். கோபமும் ஒரு சாட்சிதானே” என்றார். அவருடைய ஆட்சேபத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். பின்னால் அது பாதி சரி என்று தெரிந்தது.

இரண்டாம் அமர்வு: திகதி போட்டுப் பார்த்தபோது

வரியை வங்கிக்காரர் எடுத்தார், சுருக்கமாக முடித்தார். 2019 டிசம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி 15 வீதத்தில் இருந்து 8 வீதமானது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. சம்பளத்தில் கழிக்கும் வரியும் போனது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 வீதம் அளவில் இருந்த அரச வருமானம் அடுத்த வருடம் 9 வீதம் அளவுக்கு இறங்கியது. கொரோனா வந்ததுதான் காரணம் என்று ஒருவர் சொன்னபோது அவர் திகதியைக் காட்டினார்: அதே 2019 டிசம்பரிலேயே ஃபிட்ச் தரமதிப்பீட்டு நிறுவனம் இலங்கையின் கண்ணோட்டத்தை எதிர்மறையாக்கிவிட்டது. அப்போது கொரோனா என்ற பெயரையே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. வரிச் சலுகையைத் தேர்தலுக்கு முன்பே வாக்குறுதியாகச் சொல்லியிருந்தார்கள். வியாபாரிகள் மகிழ்ந்தார்கள். எங்கள் கடைக்காரர் தானும் மகிழ்ந்ததாகச் சொன்னார்.

பசளைக்குத்தான் நேரம் போனது. போக வேண்டியதும்தான்.

கமநல அலுவலர் ஒரு பழைய கோப்புடன் வந்திருந்தார். 2019 தேர்தல் விஞ்ஞாபனமான ‘சுபீட்சத்தின் நோக்கு’ சேதனப் பசளைக்கு மாறப் பத்து வருடம் என்றுதான் சொன்னது. அதே தேர்தலில் விவசாயிகளுக்கு இரசாயனப் பசளையை இலவசமாகத் தருவோம் என்றும் சொன்னார்கள், நெல்லுக்குக் கொடுக்கவும் செய்தார்கள். அப்புறம் 2021 மே 6இல் வர்த்தமானி வந்தது: இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதிக்குத் தடை. பத்து வருடம் ஒரு வர்த்தமானியில் முடிந்தது. சிறுநீரக நோயைக் காரணமாகச் சொன்னார்கள். அந்த நோய் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை, வவுனியாவிலும் அனுராதபுரத்திலும் குடும்பம் குடும்பமாகப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே எண்ணத்தை யாரும் சிரித்துத் தள்ளவில்லை. 2021 யூலையில் வெளியான ஒரு கணிப்பில் விவசாயிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சேதன விவசாயத்தை ஆதரித்தார்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் கேட்டது ஒரு வருடத்துக்கு மேற்பட்ட அவகாசம்.

“எனக்கு வந்த சுற்றறிக்கையில கூட்டெரு எப்படிச் செய்யிறது எண்டு இருந்தது,” என்றார் அலுவலர். “எவ்வளவு வேணும் எண்டு இல்லை. ஒரு ஏக்கர் நெல்லுக்கு யூரியா ரெண்டு மூடை போட்டவன், அந்த நைதரசனைக் கூட்டெருவில குடுக்க உழவு இயந்திரம் உழவு இயந்திரமா ஏத்த வேணும். அவ்வளவு சாணியும் இலையும் எங்க கிடக்கு? இதை நான் எழுதி அனுப்பினனான். மேல இருந்து வந்த பதில், மாதாந்த முன்னேற்ற அறிக்கையை அனுப்பவும் எண்டு.”

பேராதனை உட்பட விவசாயபீடப் பேராசிரியர்கள் விளைச்சல் விழும் என்று அப்போதே பகிரங்கமாக எழுதினார்கள். சீனாவில் இருந்து வந்த சேதனப் பசளையின் மாதிரியில் தீமையான பக்டீரியா இருப்பதாக நாட்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையம் அறிக்கை கொடுத்தது. கப்பலை இறக்க விடவில்லை, கடைசியில் காசு மட்டும் போனது. தேயிலைக்காரர் சத்தம் போட்டார்கள். ஒக்டோபரில் இருந்து தடை தளரத் தொடங்கி, நவம்பர் கடைசியில் விலகியது. அதற்குள் பெரும்போக விதைப்பு முடிந்துவிட்டது. தன்னுடைய பிரிவில் ஏக்கருக்கு இருபத்தைந்து மூடை கண்டவர்கள் பத்து, பன்னிரண்டுடன் நின்றார்கள் என்றார் அலுவலர். அடுத்த போகத்தில் யூரியா ஒரு மூடை கறுப்புச் சந்தையில் நாற்பதாயிரம் ரூபாய்.

டொலரை மிச்சம் பிடிக்கத்தான் தடை என்ற வாதத்தை ஒரு மாணவன் வைத்தான். நல்ல கேள்வி. பசளை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 400 மில்லியன் டொலர் என்பது அரசு சொன்ன கணக்கு. தடையின் பின் அரிசி இறக்குமதிக்கும், கமக்காரரின் நட்டஈட்டுக்கும் காசு தேட வேண்டி வந்தது. அதைவிட, நாங்கள் மூன்றாவதாக எழுதிய முடிவு: 2022 ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் பிணைமுறியை (வெளிநாட்டுக் கடன் பத்திரத்தை) அரசு முழுதாகக் கட்டித் தீர்த்தது. கையிருப்பு வற்றிக்கொண்டிருக்கிறது, இதை ஒத்திவைத்து மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள் என்று பொருளியலாளர் பலர் சொல்லியும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடனை இனிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். பசளையில் மிச்சம் பிடிக்க நினைத்ததை விடப் பெரிய தொகை அந்த ஒரு நாளில் போனது. யார் கையில் அந்தப் பிணைமுறிகள் இருந்தன என்ற கேள்வியும் எழுந்தது. அதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லாததால் குறிப்பில் சேர்க்கவில்லை.

நான்காவதாகக் கடைக்காரர் எடுத்தது ஜனாஸா எரிப்பு, அதாவது இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரித்தது. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி, கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. பிறந்து இருபது நாளான குழந்தையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் மாற்றினார்கள், பிறகு ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “இதில விஞ்ஞானம் தெரியாம நடந்தது ஒண்டும் இல்ல. நிலத்தடி நீர் எண்டு ஒரு காரணத்தைத் தேடி எடுத்தாங்கள்.”

நான்கையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதியபோது, தகவல் இல்லாமல் எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை என்பது தெரிந்தது. எச்சரிக்கை வந்திருக்கிறது, எழுத்தில் வந்திருக்கிறது. எச்சரித்தவர்களைத் தள்ளி வைப்பதில் செலவு எதுவும் இருக்கவில்லை. தடுக்க வேண்டிய இடங்கள் 2020 ஒக்டோபர் 22இலேயே மெலிந்துவிட்டன. அன்றுதான் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய, அரசியலமைப்பின் இருபதாவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. அந்த 156இல் எதிரணியில் இருந்து தாவிய தமிழ், முஸ்லிம் உறுப்பினர்களின் கைகளும் இருந்தன. இதைக் கரும்பலகையில் எழுதக் கூடாது என்று ஒருவர் சொன்னார், “எங்கட ஆக்களை ஏன் இழுக்கிறீங்கள்?” எழுதினோம்.

ஏப்ரல் 18, 2022இல் புதிய அமைச்சர்கள் முன்னால் கோட்டாபயவே சொன்னதையும் எழுதினோம்: சர்வதேச நாணய நிதியத்திடம் முன்பே போயிருக்க வேண்டும், கமக்காரருக்கு இரசாயனப் பசளை கொடுக்காதது பிழை. மடமை அணியில் இருந்த மாணவன் அதைப் பார்த்து, “பிழை எண்டு விளங்கியிருக்கு. அப்ப மூளை வேலை செய்திருக்கு” என்றான்.

மூன்றாம் அமர்வு: எதை விட்டுப் போனார்

இங்கே முறை தடுமாறியது. வரியும் பசளையும் திகதிக்குள் அடங்கின. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் விடயம் அடங்கவில்லை. அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்விக்கான விடையைத்தான் அந்தத் தாய்மார் வருடக்கணக்காக வீதியோரம் இருந்து கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லாதவரை அந்தக் கட்டம் காலி. ஆசிரியையின் ஆட்சேபம் இங்கேதான் நின்றது. எங்கள் அட்டவணை, ஆவணம் வெளியே வந்த தவறுகளை மட்டும் நன்றாகக் காட்டியது. ஆவணமே வெளியே வராதவற்றை மற்றவற்றோடு ஒரு வரிசையில் வைத்தபோது அவை சின்னதாகத் தெரிந்தன.

மரபு பற்றிய பேச்சும் ஒரு முடிவுக்கு வரவில்லை. தெற்கில் அவர் பெயர் சொன்னால் வரிசையும் காலிமுகத்திடல் போராட்டமும் நினைவுக்கு வரும், இங்கே யுத்தம் முடிந்த 2009 வரும் என்றார் வங்கிக்காரர். முதல் அமர்வில் தான் சொன்னதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கடைக்காரர் ஒரு பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினார்: 2019 டிசம்பரில் 8 வீதமாக இறங்கிய அதே வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். “அவர் தந்த சலுகைக்கு இப்ப நான் வட்டி கட்டுறன்.” மலையகக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, தன் உறவினர் இருக்கும் தோட்டத்தில் கொழுந்து குறைந்து வேலைநாள் குறைந்ததை எந்தத் தீர்ப்பும் கணக்கெடுக்கவில்லை என்றாள்.

விளைவு

பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு வழங்கப்படவில்லை. நான்கு முடிவுகளும் திகதிகளோடு பெரிய தாளில் எழுதப்பட்டு வாசிகசாலைச் சுவரில் ஒட்டப்பட்டன. இருபதாவது திருத்தம் பற்றிய வரிக்காக ஒரு பழைய உறுப்பினர் வருவதை நிறுத்திக்கொண்டார். மாணவர்கள் இருவர் பசளைத் தடை பற்றிப் பாடசாலைக்குத் தனியாக ஒரு செயற்திட்டம் செய்தார்கள், கமநல அலுவலரின் கோப்பு அதற்கு உதவியது. 2024 மார்ச்சில் முன்னாள் ஜனாதிபதி தன்னைப் பதவியில் இருந்து அகற்றியது சதி என்று நூல் வெளியிட்டபோது, வட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. தாளில் இருந்த எந்தத் திகதியில் சதி தொடங்கியது என்று கேட்டார்கள். அதே வருடம் யூலையில் ஜனாஸா எரிப்புக்கு அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. கடைக்காரர் அந்தத் தாளின் கீழ் பேனையால் அதையும் சேர்த்தார்.

பின்வரிசை அம்மா மூன்றாம் அமர்வுக்கு வந்தார், பேசவில்லை. போகும்போது தாளில் காலியாக விட்டிருந்த கட்டத்தைப் பார்த்து, “இதைக் கிழிச்சிடாதேங்கோ” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த முறை மாற்றுபவை

காணாமல் ஆக்கப்பட்டோர் விடயம் வேறொன்றின் உபதலைப்பாக வராது, அதற்குத் தனி அமர்வு, தாய்மாரே நடத்துவார்கள். கோட்டாபயவுக்கு வாக்களித்த ஒருவரையாவது அழைக்க வேண்டும். பதவியா என்ற ஊர், வவுனியா தெற்கு ஆகிய பக்கத்துச் சிங்களக் கமக்காரர்களும் அதே போகத்தில்தான் விழுந்தார்கள், மொழிபெயர்க்க ஆள் வைத்தால் வருவார்கள். எச்சரித்தவர்களின் பெயர், பதவி, திகதியைத் தனி நிரலாக எழுத வேண்டும். இந்த முறை அது குறிப்புகளுக்குள் சிதறிப் போனது. ஆசிரியை கேட்டபடி, அட்டவணைக்கு முன் அரை மணிநேரம் கோபத்துக்கு ஒதுக்கப்படும், யாரும் குறிப்பெடுக்க மாட்டார்கள்.

அடுத்து எடுப்பது ஜே.ஆர். ஜயவர்தன என்று மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1978 அரசியலமைப்பு, 1981 யாழ் நூலக எரிப்பு, 1983 யூலை. அவரை மடையன் என்று யாரும் சொன்னதில்லை, கிழட்டு நரி என்றுதான் சொல்வார்கள். எனவே அந்தக் கேள்வியில் நேரம் போகாது, நேரே திகதிகளுக்குப் போகலாம் என்பது அவர்கள் கணக்கு.